பஞ்சு தொட்ட இடம்

படுத்துக்கொண்டே சம்பளம் வாங்குகிறவர் என்று மச்சினன் அவரைக் கிண்டல் செய்வான். கிண்டலில் பொய்யில்லை. மருத்துவக் கல்லூரிப் பயிற்சிக்கூடத்தில், பிள்ளைகள் தொட்டுத் தட்டிப் படிப்பதற்காகக் கட்டிலில் படுத்துக்கொடுப்பதுதான் அவருடைய வேலை. பிள்ளைகளுக்கு அவர் 'மாடல் மாமா'.

நீலப் பேனாவால் அவர் தோளிலிருந்து விரல்நுனி வரை நரம்பை வரைவார்கள். பேனா ஊர்ந்து போகப் போக அவருக்குக் கண் சொருகும். உடம்பு ஏதோ தூரத்து ஊர் போலக் கீழே கிடக்க, தான் அதன் மேல் மெல்ல மிதந்து போவதுபோல் இருக்கும். முழங்கையின் உட்பக்கம் யாராவது அழுத்தினால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று கரண்ட் அடிக்கும். அப்போது மட்டும் மனுஷன் தரைக்கு இறங்குவார். முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதைக்கும். "நான் உதைக்கலம்மா, அதுவா போகுது" என்று பயந்துபோன பெண்ணைச் சமாதானப்படுத்திவிட்டு மறுபடி மிதக்கப் போய்விடுவார்.

வீட்டில் மனைவிக்கு வலது கைதான் பிரச்சினை. போன மழைக்காலத்தில் மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக் கை விழுந்தது. பிறகு தூக்க வந்தது, மடக்க வந்தது. தொடு உணர்ச்சி மட்டும் வரவில்லை. தையல் தைக்கிறவள் அவள். ஊசி விரலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். 'வரலாம்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார் இவர்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். பிள்ளைகள் தனக்குச் செய்வதை அவளுக்குச் செய்வார். பஞ்சைத் திரித்து விரல் விரலாகத் தொடுவார்.

"இப்ப?"

"ஆமா."

"இப்ப?"

"ம், ஆமா."

நாளுக்கு நாள் 'ஆமா' கூடிக்கொண்டே வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. உன் அக்கா சீக்கிரமே மெஷினில் உட்கார்ந்துவிடுவாள் என்று மச்சினனிடம்கூடச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் பயிற்சிக்கூடத்தில் ஒரு மாணவன் பஞ்சோடு வந்தான். இப்ப, இப்ப என்று அவன் கேட்க, கண்ணை மூடிக்கிடந்த மாமாவின் வாய் தன் பாட்டுக்கு ஆமா, ஆமா என்றது. திடீரென்று எல்லோரும் சிரித்தார்கள். கண்ணைத் திறந்தால் மாணவன் கையில் பஞ்சே இல்லை. டீச்சரம்மா அதை எப்போதோ வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

"மாமா மேல தப்பில்ல. 'இப்ப?'ன்னு கேட்டா யாருக்கும் ஆமான்னுதான் வரும்" என்றார் அவர். "கேக்காதீங்க. தொடுங்க, கொஞ்சம் விடுங்க, மறுபடி தொடுங்க. அவங்களா சொல்லட்டும்."

மாமாவும் சேர்ந்துதான் சிரித்தார். சட்டைப் பொத்தானைப் போடும்போதுதான் வீட்டு ஜன்னலோரத்தில் கேட்ட 'ஆமா'க்கள் ஞாபகம் வந்தன.

சாயங்கால வெயில் மஞ்சளாக அவள் மடியில் விழுந்துகிடந்தது. வழக்கம்போல் கண்ணை மூடிக் கையை நீட்டினாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டைவிரலில் பஞ்சை வைத்தார். காத்திருந்தார். உள்ளங்கையில் மெல்ல இழுத்தார். மணிக்கட்டில் வைத்தார். ஒரு விரல் விடாமல் தொட்டுப் பார்த்தார். அவள் லேசாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?"

அவள் கண்ணைத் திறந்தாள். பஞ்சு அவள் சுண்டுவிரல் மேல் இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா பொய் சொன்ன?"

"முதல் நாள் இல்லைன்னுதானே சொன்னேன். அன்னிக்கு நீங்க சாப்பிடவே இல்ல. அப்புறம் உங்க குரலைக் கேட்டா இல்லைன்னு சொல்ல மனசு வரல."

அவர் அழுதார், மறைக்கவில்லை. அவள் அதே கையைத் தூக்கி, எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்துக் கொண்டுபோய் அவர் கன்னத்தில் வைத்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"அப்படியே இருங்க" என்றாள். "கை நழுவினா சொல்லுங்க. எனக்குத் தெரியாது."