நீலவாலுக்குப் பெண் தேடிய கதை

கப்பி மீன் வளர்க்கிறவனை விட்டு முதலில் தூக்கம் போகும், அடுத்தது தொட்டிகள் அடைத்துக்கொள்ளும் மொட்டைமாடி. இரவெல்லாம் அரியமங்கலம் பட்டறையில் மெஷின் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம் வந்து படுத்தால் எனக்கு எப்படியும் தூக்கம் வருவதில்லை. அதனால் அந்த நஷ்டம் பெரிதாகத் தெரியவில்லை. துணி காயப்போட இடமில்லை என்று வீட்டில் திட்டு வாங்கும் சக மீன்காரர்களுக்கு மற்றதை விளக்க வேண்டியதில்லை.

பெருமாள் தூங்குகிறார்

சாதாரணக் கப்பிக் கூட்டத்தில் ஒரு ஆணுக்கு மட்டும் வால் ஓரத்தில் நீலக் கோடு. யாரும் சொல்லித்தரவில்லை, அவனைப் பிரித்து எடுத்து இனம் சேர்த்தேன். பிறந்த மகன்களில் யாருக்கு நீலம் அதிகமோ அவன்தான் அடுத்த தகப்பன். திரும்பத் திரும்ப இதே வேலை. பல வருஷம் கழித்து ஒருநாள் காலை, வால் முழுக்க நீலமாக ஒருவன் தோகை விரிப்பது போல விரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். எந்தக் கடையிலும் நான் பார்க்காத நீலம். இந்த வாழ்க்கையில் நான் செய்தது என்று காட்ட என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

முதலில் பார்த்தவர் எதிர்வீட்டு ராகவாச்சாரி மாமா. கோயில் கைங்கரியம் முடித்து வந்தவர், மேலே ஏறி நெடுநேரம் பார்த்தார். "தேறாததையெல்லாம் என்ன பண்றீர்?" என்று கேட்டார். தனித்தொட்டியில் விட்டு, கேட்பவர்களுக்குக் கொசுப்புழு தின்னக் கொடுத்துவிடுவேன் என்றேன். மாமா சிரித்தார்.

"படைக்கிற உத்தியோகத்தை பிரம்மா கையில குடுத்துட்டு பெருமாள் ஹாயா சயனிச்சுண்டிருக்கார். நீர் ரெண்டு பேர் வேலையையும் தலையில போட்டுண்டு தூங்காம அலையறீர், ஓய்!"

சாயம் போன மீன்

லால்குடி பக்கம் நெல்லும் வாழையும் போடுகிற தனலெட்சுமி அக்கா, பம்ப்செட் தொட்டியில் கொசுவுக்கு மீன் கேட்டு வந்தார். கண்ணுக்கும் அழகாக இருக்கட்டும் என்று நீலம், சிவப்பு, மஞ்சள் என்று எல்லாத் தொட்டியிலிருந்தும் கலந்து கொடுத்தேன். சில வருஷம் கழித்து போன் வந்தது: "தம்பி, உங்க மீனெல்லாம் சாயம் போயிருச்சு!"

போய்ப் பார்த்தால் நிஜம்தான். தொட்டி நிறைய மீன். அத்தனையும் சேற்று நிறம். குழாய் மேலே ஒரு மீன்கொத்தி, மாதச் சம்பளக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. நான் பளிச்சென்று இருப்பதை வளர்க்க எடுக்கிறேன். அது பளிச்சென்று இருப்பதைத் தின்ன எடுக்கிறது. கண்ணில் படாதவைதான் பிழைத்துக் குட்டி போட்டிருக்கின்றன. அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க உசிரக் குடுத்துச் சேர்த்த கலர, பறவை உக்காந்த எடத்துலயே காலி பண்ணிருச்சு. ரெண்டு பேர்ல யாரு கெட்டிக்காரன் தம்பி?"

வளைந்த முதுகு

அந்தக் கேள்விக்குப் பதில் சீக்கிரமே வந்தது. நீலவால் குட்டிகளில் முதுகு வளைந்தவை பிறக்க ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு ஈற்றுக்கு ஈற்று குட்டிகள் குறைந்தன, கோணல் கூடியது. நேரான ஜோடி கைவிரலுக்குள் அடங்கிவிட்டது. வால் மட்டும் அதே நீலம். அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. பட்டறையில் சோற்று டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து லேத்தில் நிற்கும் சேவியர் விசாரித்தான். ஒரே கோட்டிலிருந்து வந்த குடும்பம், வெளியாள் யாரையும் சேர்த்ததே இல்லை என்றேன். கடை மீன் சேர்க்கவும் பயம்: அதன் நிறம் வந்து என் நீலத்தைக் கெடுத்துவிடும்.

"எங்க ஆளுங்க மாமன் மகளோட நிறுத்திக்கிட்டாங்கண்ணே, நீங்க அண்ணன் தங்கச்சிக்கே தாலி கட்ட வச்சிருக்கீங்க. மொதல்ல வெளியூர்ல பொண்ணு பாருங்க!"

பெண் பார்த்த இடத்தில்

வெளியூர் என்றதும் லால்குடித் தொட்டி நினைவுக்கு வந்தது. பல கலப்பில் பிறந்து, மீன்கொத்திக்குத் தப்பியவை. நிறமே இல்லாததால் என் நீலத்தோடு சண்டைக்கும் வராது. வாளியோடு பஸ் ஏறினேன். வலையில் மாட்டுவேனா என்று அவை என்னை ஓட ஓட அலையவிட்டன. நல்ல கொழுத்த பெண் மீன்களாகப் பிடித்து வந்து நீலவாலோடு விட்டேன். பிறந்த மகன்கள் வளர்ந்ததும் பார்த்தால் அத்தனை பேரும் சேற்று நிறம்!

அப்போதுதான் உறைத்தது. கப்பிப் பெண் ஒருமுறை சேர்ந்தால் ஆணின் விந்தணுவை உள்ளே சேமித்து வைத்து மாசக்கணக்கில் குட்டி போடும். அவை லால்குடித் தகப்பன்களின் பிள்ளைகள். ஆண் சேராத இளங்குட்டியாகப் பார்த்துப் பிடிக்க மறுபடி போய் நின்றேன். அக்கா வலையை நீட்டினார்.

"பொண்ணு பாக்க வந்தவரு, ஏற்கனவே கல்யாணமானவளான்னு கேக்க மாட்டீங்களா?"

சம்பந்தி

இம்முறை பிறந்தவற்றுக்கு முதுகு அம்பு மாதிரி நேர். மகன்கள் வால் விரிக்கும்வரை நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை. விரித்தார்கள். நீலம்! ஒரு நூல் அகலம் குறைவு, அவ்வளவுதான். அதைத் தேடிச் சேர்த்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

அந்த ஈற்றிலேயே அழகான ஒருவனைக் கண்ணாடி ஜாடியில் விட்டு லால்குடிக்கு எடுத்துப் போனேன். அக்கா ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தொட்டிப் பக்கமே போகாமல் நேராக வீட்டுக்குள் கொண்டுபோய் டிவி பக்கத்தில் வைத்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணு வந்துதான் உங்க வம்சம் நிமிந்துச்சுன்னு நாலு பேருகிட்ட சொல்லுங்க தம்பி. பேரன் இங்கயே இருக்கட்டும். வெளிய குழா மேல அந்த மீன்கொத்தி பாத்துக்கிட்டிருக்கான்."

நீலவாலை உண்டாக்கியவன் நான்தான் என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமையடிக்கிறேன், அதற்குத் தெம்பான மருமகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ஒரு மீன்கொத்தி என்பதை மட்டும் உங்களிடம்தான் சொல்கிறேன்.