பேர் சொல்ல வேண்டாம் என்ற அன்பளிப்பு

கூத்தில் நான் கட்டியக்காரன். ராஜா வேஷம் வருவதற்கு முன்னால் வந்து, கூட்டத்தில் இருப்பவர்களைக் கிண்டலடித்துச் சிரிக்க வைப்பது என் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. பார்க்க வந்தவர்கள் யாராவது அன்பளிப்புக் கொடுத்தால், ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பேரையும் தொகையையும் மைக்கில் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மடியில் செருகிக்கொண்டால் அது அன்பளிப்பு இல்லை, பிச்சை. எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், இந்த விஷயத்தில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டோம். இத்தனை வருஷம் ஊரார் பேரைச் சொல்லிப் பிழைத்தவன், இங்கே ஒரு பேர்கூட எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

கொரோனா வந்தது பங்குனியில். பங்குனி தொடங்கி ஆடி முடிய ஆடுவதுதான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. திருப்போரூர்ப் பக்கமும் கடலோரத்திலும் பல ஊர்களில் தாம்பூலம் வாங்கி நாள் குறித்திருந்தோம். ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன் வந்தது. "இந்த வாட்டி திருவிழா இல்லப்பா." நான் கோபக்காரன். முதல் போனில் கத்தினேன். ஐந்தாவது போனில் "சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.

வைகாசியில் ஒருநாள் காலை, எங்கள் பெட்டிக்காரர் சைக்கிளில் வந்து நின்றார். பெட்டி என்றால் ஆர்மோனியம். அது கேரியரில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"கூடுவாஞ்சேரில ஒருத்தர் கேட்டுகினுகீறாரு, குடுத்துட்டு வந்துர்றேன். அங்கியே அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன் வேலையும் கீதாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டி போனால் பாட்டு இல்லை, பாட்டு இல்லாவிட்டால் ஜமா இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல் அவரைக் கண்டபடி திட்டினேன். கொஞ்சம் பொறுத்தால் என்ன, யாரிடமாவது உதவி கேட்டால் என்ன என்றேன்.

"ஊரையே கலாய்க்கற வாய் உனக்குத்தான் கீது அண்ணாத்த. உன்னாலயே கேக்க முடியல. நான் போய் இன்னான்னு கேப்பேன்?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. புதுப்பட்டினத்தில் வலையும் கயிறும் விற்கும் பாய். பக்கத்து மீனவர் குப்பத்தில் நாங்கள் ஆடும்போதெல்லாம் தவறாமல் வந்து அன்பளிப்புக் கொடுப்பவர். அவர் கொடுக்கிற நோட்டை மோந்து பார்த்து, "கயிறு வாசனை அடிக்குது" என்று நானும் தவறாமல் கிண்டலடிப்பேன்.

"இன்னா கட்டியக்காரரே, நாஸ்தா ஆச்சா? ஜமாவுக்கு கொஞ்சம் டப்பு அனுப்பறேன், எல்லாரும் பிரிச்சுக்கோங்க."

வயிறு காய்ந்தாலும் எனக்குத் திமிர் குறையவில்லை. "கூத்து ஆடாம, பேரு சொல்லாம காசு வாங்கற பழக்கம் எங்களுக்குக் கிடையாது பாய்."

அவர் சிரித்தார். "அப்ப பேரச் சொல்லு. மைக் இல்லன்னா வாய் வராதா? கடையில ஜனம் நிக்குது, ஸ்பீக்கர்ல போடறேன்."

நான் பெட்டிக்காரரைப் பார்த்தேன். அவர் கயிற்றை அவிழ்த்து, பெட்டியை இறக்கி, வாசற்படியில் வைத்து வாசிக்க ஆரம்பித்தார். நான் நடுத்தெருவில் நின்று, பாய் பேரையும் தொகையையும் அடித்தொண்டையில் சொன்னேன். கயிறு வாசனையையும் விடவில்லை. எதிர்வீடுகளில் கதவு திறந்தது. போனுக்கு அந்தப் பக்கம், கடை வாசலில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் தள்ளித் தள்ளி நின்றிருந்தவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், "என் பேரும் சொல்லுப்பா, நூறு ரூபா." அதற்குப் பின்னால் இன்னொன்று. அன்றைக்கு எத்தனை பேரைச் சொன்னேனோ, தொண்டை கட்டிவிட்டது.

கடைசியில் பாய் சொன்னார். "இன்னொன்னு கீது. பெரிய தொகை. பேர் மட்டும் வேணாமாம்."

"பேரில்லாம வாங்க மாட்டேன்."

"பேஜாரு பண்ணாத. அம்மன் பக்தர்னு சொல்லிடு."

இதுவும் பாய் பணம்தான் என்று நினைத்து, அவர் அம்மன் பக்தரான கூத்தை எண்ணிச் சிரித்தபடி அறிவித்தேன். அந்தத் தொகையில் ஜமாவில் எல்லார் வீட்டுக்கும் அரிசி வந்தது. பெட்டி கூடுவாஞ்சேரிக்குப் போகவில்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேர் சொன்னேன். அம்மன் பக்தரும் மாதம் தவறவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் குப்பத்தில் மறுபடி பாரதக் கூத்து நடந்தது. கடைசி நாள் படுகளம். துரியோதனன் உருவத்தை மண்ணால் செய்து படுக்க வைத்து, பட்டப்பகலில் ஆடுவோம். அரிதாரம் பூசிக்கொண்டு பாயைத் தேடிப் போய் அவர் கையைப் பிடித்தேன். "அம்மன் பக்தர் பண்ணினத உயிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன் பாய்."

"அது நான் இல்லப்பா" என்றார். கூட்டத்தின் கடைசியைக் கண்ணால் காட்டினார். மீன் விற்கும் அக்கா ஒருவர், காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் பேர் வேணான்னாங்க?"

"நீ கலாய்ப்பேன்னுதான்."

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முன்பு ஒரு வருஷம் அந்த அக்கா பத்து ரூபாய் கொடுத்தார். நான் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டி, "இத வெச்சி மாமல்லபுரத்துல ரிசார்ட்டு கட்டப் போறேன்" என்றேன். ஊரே சிரித்தது. அதன்பிறகு அவர் முன்னால் வந்து கொடுத்ததே இல்லை. சிரிப்பு வந்த சந்தோஷத்தில் அதை நான் மறந்தே போனேன். அவர் மறக்கவில்லை. மறக்காமலேதான் எங்கள் பதினாலு வீட்டுக்கும் சோறு போட்டிருக்கிறார். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. விஷயம் எங்களோடு இருக்க வேண்டும் என்று பாய் சத்தியம் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் பேரை இங்கே எழுதினால், எழுதாமல் விட்ட ஒரு பேர் தனியாகத் தெரிந்துவிடும்.

பெட்டி சத்தம் கேட்டது, உள்ளே ஓடினேன். பாதி ஆட்டத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அக்கா முன்னால் வந்தார். கையில் ஒரு பத்து ரூபாய். வாங்கி, மைக்கில் அவர் பேரைச் சொன்னேன், தொகையைச் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எல்லாரும் பார்க்க அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அரிதாரம் கரைந்து வாயில் உப்புக் கரித்தது. கட்டியக்காரன் அழுவதைப் பார்த்து, கூட்டம் என்னவென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னா கட்டியக்காரரே, இன்னிக்கு கலாய்க்கலையா? அதுக்குத்தான முன்னால வந்து குடுத்தேன்."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். "ஊர் ஜனங்களே! போன வாட்டி அக்கா குடுத்த பத்து ரூபாயில ரிசார்ட்டு கட்டி முடிச்சாச்சு. இது மாடிக்கு!"

அவர்தான் முதலில் சிரித்தார்.