ஒரு கை தேய்க்கும் நேரம்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மைதீனின் மகன் போன் செய்தான். "மாமா, வாப்பா போயிட்டாவ" என்றான். தென்காசியில் நான் போய் இறங்கும்போது அந்தத் தெருவில் நிற்க இடமில்லை. பாலம் கட்டியவர்கள், அணையில் வேலை பார்த்தவர்கள், ரயில்வேயில் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். அத்தனை பேரும் அவனிடம் இயற்பியல் குறுக்குவழி படித்து நுழைவுத் தேர்வு ஜெயித்தவர்கள். உங்களுக்கு அவர் மைதீன் சார். எனக்கு அவன் மைதீன். அப்படியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள்.

அந்தக் குறுக்குவழிகள் பிறந்த இடம் உங்களில் பலருக்குத் தெரியாது. குற்றாலத்துப் பேரருவிக்குப் பக்கத்தில், குளிக்க வருகிறவர்களுக்கு நான் எண்ணெய் தேய்க்கிற பாறை. அறுபதுகளின் தொடக்கம். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவன் வீட்டில் தறி. ரயில்வேயில் என்ஜினியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் பரீட்சையை ஒரு தடவை எழுதிவிட்டு வந்திருந்தான். கணக்கெல்லாம் தெரியும், நேரம்தான் பற்றவில்லை. மூன்றில் ஒரு பங்குக் கேள்வியைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை தறிக்கு விடுமுறை. தொழுகை முடிந்ததும் புத்தகத்தோடு என் பாறைக்கு வந்துவிடுவான். அவனிடம் கடிகாரம் கிடையாது, என்னிடமும் கிடையாது. ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு கை தேய்த்து முடிக்க எனக்கு எப்போதும் ஒரே நேரம்தான் ஆகும். அதைப் பார்த்துத்தான் அவன் சட்டம் போட்டான்: நான் ஒரு கை முடிப்பதற்குள் அவன் ஒரு கணக்கு முடிக்க வேண்டும்.

ஒரு நாள் கோவில்பட்டி பருத்தி வியாபாரி ஒருவர் என்னிடம் படுத்திருந்தார். மைதீன் பாதிக் கணக்கில் தவித்துக்கொண்டிருந்தான். பாவமாக இருந்ததால் நான் கையை மெதுவாக ஓட்டினேன்.

"ஏம்ப்பா, இந்தக் கை தேஞ்சே போச்சு. அடுத்த கைக்கு வா" என்றார் வியாபாரி.

"இன்னும் ரெண்டு வரிதான் அண்ணாச்சி" என்றான் மைதீன்.

"உன் கணக்குக்கு என் கைதான் கிடைச்சுதா?"

அப்போதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. என் மேல் பாய்ந்தான். "ஏலே, வேணும்னேதானே மெதுவா தேய்க்கே? பரீட்சை ஹாலுக்கு நீயா எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிட்டு வரப்போறே?"

அதற்குப் பிறகுதான் வரிகளை அடிக்க ஆரம்பித்தான். முதலில் முழுக் கணக்கையும் போடுவான். ஒவ்வொரு தடவையும் மாறாமல் வருகிற வரியைப் பார்த்துவைத்து, அடுத்த தடவை அதை எழுதமாட்டான். மேலிருந்து விழுகிற கல் ஐந்தாவது விநாடியில் மட்டும் எத்தனை அடி விழும்? விநாடியை இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கழித்து, பதினாறால் பெருக்கு. நூற்று நாற்பத்து நான்கு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அடுத்த தடவை வந்த அந்த வியாபாரி, "அப்போ எட்டாவது விநாடி?" என்று மடக்கினார். முதுகில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே "இருநூத்தி நாப்பது" என்றேன். மனுஷர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது தடவை அவன் தோற்றது நேரத்தால் அல்ல, குற்றாலத்தால். முந்நூற்று எண்பத்தொன்பது அடியிலிருந்து அருவி விழுகிறது, கீழே தண்ணீரின் வெப்பம் எவ்வளவு மாறும் என்று கேள்வி. அரை டிகிரி பாரன்ஹீட் என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டான். கடைசி நொடியில் நம் அருவியில் குளிரில் பல் கிட்டிப்போனது ஞாபகம் வந்திருக்கிறது. 'கூடும்' என்று எழுதியதை அடித்து 'குறையும்' என்று மாற்றிவிட்டான். அதே தைரியத்தில் அடுத்த மூன்று கேள்வியிலும் கணக்கை விட்டுவிட்டு அனுபவத்தை நம்பினான்; மூன்றுக்கும் விடை தலைகீழ்.

"சரியாத்தானேலே எழுதியிருக்கே! அருவித் தண்ணி சுடுதுன்னா எவன் காசு கொடுத்து பஸ் ஏறி வருவான்?" என்றேன். பாறையில் இருந்த அத்தனை பேரும் என் கட்சி.

அவன் சிரிக்கவில்லை. "விழுற வேகம் தண்ணியில சூடாத்தான் மாறும்லே. குளிருதது ஈரத்துல அடிக்கிற காத்தால. அந்தக் கேள்விக்குள்ள காத்து இல்ல, நீ இல்ல, நானும் இல்ல. கணக்குல இல்லாததை நான் கொண்டுபோய் வச்சுட்டேன்." 'கணக்கில் இல்லாததைக் கொண்டுவராதே' என்று வகுப்பில் அவன் சொல்லும்போதெல்லாம் நீங்கள் சிரித்திருப்பீர்கள். அதற்கு அவன் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறான்.

மூன்றாவது தடவைதான் கடைசி. அதற்கு மேல் வயது வரம்பு தாண்டிவிடும். "இதுவும் இல்லைன்னா தறியிலேயே உக்காந்துரு. பொறவு புத்தகத்தைத் தொடப்படாது" என்று அவன் வாப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். அந்த வருஷம் சீசன் முடிந்து ஆள் வராத நாட்களிலும் வந்தான். தேய்க்க ஆள் இல்லாததால் அவன் கையையே நீட்டச் சொல்லித் தேய்த்தேன். மற்றக் கையால் எழுதினான். நான் பாதிக் கை வருவதற்குள் பென்சிலைக் கீழே வைத்தான்.

மதராஸ் போய் எழுதிவிட்டு வந்தான். கடிதம் வந்த அன்று, பெண்கள் பக்கம் எது, ஆண்கள் பக்கம் எது என்றுகூடப் பார்க்காமல் அருவிக்கரையில் கத்திக்கொண்டே ஓடிவந்தான். ஓர் ஆச்சி ஈரத் துணியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "இன்னொண்ணு போடுங்க ஆச்சி, நான் பாஸாயிட்டேன்" என்றான். அன்று நான் யாருக்கும் எண்ணெய் தேய்க்கவில்லை. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி முழுக்க நடந்தேன்.

இரண்டு பேரும் களைத்து உட்கார்ந்த பிறகுதான் பரீட்சை ஹாலில் நடந்ததைச் சொன்னான். எல்லாக் கேள்வியையும் முடித்துப் பார்த்தால் பதினெட்டு நிமிஷம் மிச்சம். மேற்பார்வை பார்த்தவர் வந்து, "என்ன தம்பி, தெரியலையா? வெளியே போறியா?" என்றாராம். "முடிச்சிட்டேன் சார்" என்றானாம். அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாராம்.

"பதினெட்டு நிமிஷமும் என்னலே பண்ணினே?" என்று கேட்டேன்.

"சும்மா இருந்தேன். எட்டு வயசுல இருந்து பள்ளிக்கூடம் விட்டா தறி, தறி விட்டா பள்ளிக்கூடம். எனக்கே எனக்குன்னு நேரம் அன்னைக்குத்தான்லே கிடைச்சுது."

ரயில்வே வேலை பார்த்துக்கொண்டே உங்களுக்கு வகுப்பெடுத்தபோது அவன் கைப்பட எழுதிய நோட்டுகள் உங்களிடம் இருக்கின்றன, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பதினெட்டு நிமிஷம் போதும். நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்த ஹாலில், எங்கள் தறிக்காரர் மகன் கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ராஜா மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தான்.