குசினிக்குள் வந்த போத்தல்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் மகளும் மாப்பிள்ளையும் உள்ளே படுப்பார்கள். நான் குசினியில், அடுப்போரம். பதுளைப் பக்கத்துக் குளிருக்கு அந்தச் சூடு போதும். மாப்பிள்ளை கண்ணில் படாமல் இருக்க எனக்கென்று இருந்த இடமும் அதுதான். எங்கள் வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன். அவள் கொழுந்து பறிக்கப் போயிருந்தால், தேத்தண்ணி ஊற்றி, டம்ளரை வாசற்படியில் ஒரு தட்டுத் தட்டி வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவர் எடுத்துக்கொள்வார். கல்யாணத்திலிருந்து அப்படியே நடந்தது, யாருக்கும் குறையில்லை.

அவர் தோட்டத்துக்கும் டவுனுக்கும் டீசல் வேன் ஓட்டினார். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு டீசல் விலை ஏற ஏற வீட்டில் அவர் பேச்சுக் குறைந்தது. தண்ணீரில் கரண்ட் விட்டால் எரிகிற வாயு வரும், அதை எஞ்சினுக்குள் விட்டால் பாதி டீசல் போதும் என்று ஹாலிஎல டவுனில் யாரோ சொன்னார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து பெரிய மிட்டாய்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். என் சீர்த் தட்டுகளில் இரண்டை வெட்டி அதற்குள் தொங்கவிட்டு, பழைய பேட்டரி ஒன்றிலிருந்து வயரைக் கொடுத்தார். முதலில் உப்பைப் போட்டார். தண்ணீர் துரு நிறமாகி, கிளம்பிய நெடியில் எங்கள் கண்ணெல்லாம் எரிந்தது. பிறகு கோஸ்டிக் சோடா. வாயு ஒரு டியூப் வழியாக வெளியே வரும்.

முன்வாசல் இஸ்தோப்பில் வைத்தால் போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள். தோட்டத்துத் தொரை காதுக்குப் போனால் காம்பராவே பறிபோகும் என்று குசினியில் வைத்தார். ஜன்னலைச் சாக்கால் அடைத்தார். அடுப்பு மூட்டக் கூடாது, போத்தலில் கை வைக்கக் கூடாது என்று மகள் மூலம் சொல்லியனுப்பினார். நான் வெளியே தாழ்வாரத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தேன். மழை பெய்தால் புகைதான் வரும், சோறு வேகாது. படுக்கை மட்டும் அந்தப் போத்தலுக்குப் பக்கத்தில், சாம்பல் ஆறிய அடுப்போரம்.

"எப்ப எடுப்பாருன்னு கேளுடி" என்று மகளிடம் கெஞ்சினேன். சரியாக வந்ததும் எடுப்பாராம் என்றாள். நான் வேறு எங்கே போவேன்? தோட்டத்தில் பேர் இருப்பது அவளுக்குத்தான், காம்பராவும் அவள் பேருக்குத்தான்.

வாயு வருகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. டியூப்பைச் சோப்புத் தண்ணீரில் விட்டு, எழும்புகிற நுரையில் நெருப்புக் குச்சியைக் காட்டுவார். பட்டென்று வெடிக்கும். அதை எப்போதும் வெளியே கொண்டுபோய்த்தான் செய்வார். ஒரு நாள் காலையில் போத்தலை ஓடவிட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மூடிப் பக்கம் டியூப் பாதி கழன்று 'ஸ்' என்று சத்தம் வந்தது. கை வைக்கக் கூடாதே என்று, மகள் வந்ததும் சொல்லலாம் என இருந்தேன்.

மகளுக்கு முன்னால் அவர் வந்துவிட்டார். வெளியே அடைமழை. சோப்புக் கோப்பையோடு நேரே குசினிக்குள் வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்தார்.

நான் டம்ளரைத் தட்டினேன்.

"தேத்தண்ணி அப்பறம்" என்றார் சுவரைப் பார்த்து.

இன்னும் பலமாகத் தட்டினேன். குச்சி வெளியே வந்துவிட்டது.

"மாப்புள, குச்சிய ஒரசாதீங்க. மூடிகிட்ட காத்து போகுது, காலையிலேருந்து."

குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் செருகினார். பிறகு பெட்டியைப் பையில் போட்டு, வயரைப் பிடுங்கி, ஜன்னல் சாக்கைக் கிழித்தெறிந்தார். சாரல் என் படுக்கையில் அடித்தது.

இனி இந்தப் போத்தல் வீட்டில் இருக்காது என்று நினைத்தேன். சாயந்தரம் அவர் மகளிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "அத்தைக்குக் காது நல்லாருக்கு. அவங்களே பக்கத்துல இருந்து பாத்துக்கட்டும்."

மறுநாளிலிருந்து வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் "அத்தை, தண்ணி குறைஞ்சிருக்கா?", "அத்தை, டியூப் சரியா இருக்கா?" என்று என்னையே கேட்டார். பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் திரும்பி வரும்வரை குழாயடிக்குக்கூட நான் போக முடியவில்லை.

கடைசியில் அதை வேன் எஞ்சினோடு சேர்த்துப் பூட்டினார். டீசல் குறையவில்லை, பேட்டரிதான் இறங்கியது. காலையில் லயத்து ஆட்கள் தள்ளினால்தான் வேன் கிளம்பும். அவர்கள் கேலி தாங்காமல் கழற்றிக் கொண்டுவந்து பழையபடி குசினி மூலையிலேயே வைத்தார். தண்ணீர் இல்லாமல் காலியாகக் கிடக்கிறது. அடுப்பு மறுபடி எரிகிறது.

இப்போதும் டம்ளரைத் தட்டித்தான் வைக்கிறேன். அவர் எடுப்பதில்லை. "என்னங்க அத்தை?" என்று படியில் நின்று, நான் வாய் திறக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"தேத்தண்ணி" என்கிறேன், அடுப்பைப் பார்த்து.