ஒருநாள் விருந்தாளி

விரிப்பின் நாலாவது மூலையையும் மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகிய பிறகுதான், இன்றைக்குத் தான் விருந்தாளி என்பது அவளுக்கு உறைத்தது. கை நின்றது. அதற்குள் தலையணைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டன. கோப்பைகள் கழுவிக் கவிழ்ந்திருந்தன. குப்பைப் பை முடிச்சுப் போட்டுக் கதவோரம் நின்றது.

குளியலறையிலிருந்து வந்த கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தார்.

"என்ன பண்ணிட்டிருக்கே?"

"ஒண்ணுமில்ல. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"டிக்கெட் எடுத்துட்டு ஏறினவ, எந்திரிச்சுப் போய் பஸ்ஸ ஓட்டிட்டிருக்கே. நல்லா இருக்கு!"

அவர் பஸ் கண்டக்டர். உலகத்தில் நடக்கிற எதையும் ஒருமுறை பஸ்ஸில் ஏற்றிப் பார்க்காமல் விடமாட்டார்.

இந்த ஓட்டலில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறாள். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்ணாக வந்து, இப்போது இரண்டு மாடிகளுக்குச் சூப்பர்வைசர். ஆனாலும் இந்தக் கட்டில்களில் ஒன்றில் படுத்துத் தூங்கியது நேற்றுத்தான் முதல்முறை. தூங்கினாள் என்றும் சொல்ல முடியாது. மெத்தையின் ஓரமாகவே கிடந்தாள், கசங்கிவிடும் என்று.

ஐந்து ஊர்களில் ஐந்து கட்டடம், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே வயது. லிஃப்ட் முனகும். சுடுதண்ணீர்க் குழாய் நாலு தடவை இருமிவிட்டுத்தான் தண்ணீர் விடும். கம்பளத்தில் யார் யாரோ சிந்திய காபியின் வரலாறு இருக்கும். தங்க வந்தவர்கள் தங்களோடு வந்தவர்களிடம், "ஒரு ராத்திரிதானே" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே மாடி ஏறுவார்கள். அந்த ஐந்தையும் ஒரு புதுக் கம்பெனி மொத்தமாக வாங்கிவிட்டது. புதுப் பெயர், புது நிறம், புது உடுப்பு. கூட்டத்துக்குக் கூட்டம் "விருந்தினர் அனுபவம்" என்ற சொல் வந்து விழுந்தது. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவர்கூட, கை வழுக்கித் தட்டு உடைந்தால், "அனுபவம் போச்சு" என்றார்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணைத் தலைமையகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். எல்லோருக்கும் அவள் மேடம். கெட்டவள் இல்லை. இருமுகிற குழாய்களை வந்த வாரமே மாற்ற வைத்தாள். சூப்பர்வைசர்கள் எல்லோரும் வீட்டுக்காரரோடோ வீட்டுக்காரியோடோ ஒரு ராத்திரி இங்கே விருந்தாளியாகத் தங்க வேண்டும் என்பது அவள் போட்ட விதி.

"சுத்தம் பண்றவங்க கண்ணால பார்த்தது போதும். காசு குடுத்துப் படுக்கிறவங்க கண்ணால ஒரு தடவை பாருங்க" என்றாள்.

மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வருவாள். தங்கியவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைசியில் மேடம் நீட்டும் டேப்லெட்டில் அவளுக்கு மதிப்பெண் போட வேண்டும். தேறியவர்களுக்குப் புது உடுப்பு. தேறாதவர்கள் புதுப் பெயர்ப்பலகை ஏறுவதற்குள் வீட்டுக்கு.

அவளுடைய அறைக்கு வரப்போகிறவள் அவளுடைய நாத்தனார்.

மேடத்துக்கு இந்த உறவு தெரியாது. பெயர்களை அறிவித்தபோது சொல்லியிருக்கலாம். அவள் வாய் திறக்கவில்லை. வேறு யாராவது உட்கார்ந்தால் உள்ளபடியே போட்டுவிடுவார்கள்.

ஓட்டலில் எல்லோருக்கும் நாத்தனார் பெரியக்கா. கணவருக்கு எட்டு வயது மூத்தவள். அவளைக் கட்டியவர் ஒரு நாள் காலை வேலைக்கென்று கிளம்பி, இன்னொரு குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள், அந்தப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். "தம்பி சோறு தொண்டையில நிக்கும். என் சோறுன்னாத்தான் இறங்கும்" என்றாள். இன்றுவரை அப்படித்தான். காய்ச்சல் வந்தால்கூட வீட்டில் இருக்க மாட்டாள். லீவு நாளில் அவள் சாப்பிடுவதைப் பார்த்தால், யாரோ தட்டை எண்ணிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

கல்யாணமாகி வந்த தம்பி மனைவியைக் கையைப் பிடித்து இந்த ஓட்டலுக்குக் கூட்டிவந்தவளும் அவள்தான். பத்தாவது வரை படித்ததால் இவள் சூப்பர்வைசர் ஆனாள். நாத்தனார் தள்ளுவண்டியோடே இருந்தாள். ஓட்டலுக்குள் அவள் இவளை "சூப்பர்வைசரம்மா" என்பாள். வீட்டில், "அந்தப் பாத்திரத்தை எப்பத்தான் தேய்க்கப் போறே?" என்பாள். எந்த வாசலில் எது முடிகிறது என்பதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

இரண்டு வருஷமாக நாத்தனாருக்கு முட்டி சரியில்லை. படுக்கை விரிப்பதில் இன்றும் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் கழிப்பறைக் கோப்பைக்குப் பின்பக்கம் ஒரு சந்து உண்டு. கம்புத் துடைப்பம் அங்கே எட்டாது. மண்டி போட்டுக் கையால் தேய்க்க வேண்டும். நாத்தனார் கம்பால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுவாள். சூப்பர்வைசர் சரிபார்க்கப் போவாள், கதவைச் சாத்துவாள், சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, மண்டி போட்டுத் தேய்ப்பாள். வெளியே வந்து, "சுத்தமா இருக்கு அண்ணி" என்பாள்.

"பின்ன?" என்பாள் நாத்தனார்.

இப்போது ஈரத்துணியோடு அவள் குளியலறைப் பக்கம் திரும்பியதும் கணவர் குறுக்கே நின்றார்.

"ஏய், அங்க வேணாம்."

"உங்க அக்காவால மண்டி போட முடியல."

"எனக்குத் தெரியாதா? படி ஏறும்போது சுவத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஏறுது."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?"

 பிறகு அவரே, "மேடம் கேட்டா என்ன சொல்லுவே?" என்றார்.

"ராத்திரி தங்கினவங்க ரொம்பச் சுத்தக்காரங்கன்னு நினைச்சுப்பாங்க."

"யாரு, நானா? என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். மண்டி போட்டு, சந்துக்குள் கையை விட்டு, சுவரோரம் வரை தேய்த்தாள். தரையை வாசல் நோக்கித் துடைத்துக்கொண்டே வந்து எழுந்தாள். துணியைப் பிழிந்து முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

"ஹவுஸ்கீப்பிங்!"

தள்ளுவண்டியோடு நாத்தனார். பின்னால் டேப்லெட்டோடு மேடம். நாத்தனார் சொல்லிக்கொடுத்தபடியே சிரித்து, தன் தம்பியைப் பார்த்து, "குட் மார்னிங் சார்" என்றாள்.

"குட் மார்னிங்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்தார்.

"அக்காவா?" என்றாள் மேடம்.

"கூடப் பொறந்த தம்பி, மேடம். இது தம்பி பொண்டாட்டி." நாத்தனார் மறைக்க எதுவுமில்லாதவள் போலச் சொன்னாள்.

மேடம் சூப்பர்வைசரைப் பார்த்தாள். "நீங்க சொல்லவே இல்லையே?"

அவள் ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"சரி, நானும்தானே பார்க்கப் போறேன். ஆரம்பிங்க" என்றாள் மேடம்.

நாத்தனார் அறை நடுவில் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். கவிழ்ந்திருந்த கோப்பைகளைப் பார்த்தாள். குளியலறைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. சுடிதாரின் முழங்கால்களைப் பார்த்தாள். இரண்டிலும் வட்டமாக ஈரம்.

"எத்தனை நாளா?"

அவள் துப்பட்டாவை இழுத்து முழங்கால்களை மூடினாள்.

"இந்த ஒரு ரூமா, என் ரூம் எல்லாமுமா?"

"அண்ணி, யாருக்கும் தெரியாது."

"எனக்கும்தான் தெரியல" என்றாள் நாத்தனார்.

மேடத்துக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். "இந்த ரூம் ஏற்கனவே சுத்தமா இருக்கு. நாம வேற ரூம்ல பார்த்துக்கலாம்" என்றாள், கொஞ்சம் மெதுவாகவே.

"வேணாம் மேடம். இதே ரூம்ல பார்க்கலாம்."

நாத்தனார் கட்டிலருகே போய் விரிப்பை ஒரே இழுப்பில் உருவினாள். தலையணைகள் தரையில் விழுந்தன. கோப்பைகளை நிமிர்த்தி, பிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீரை அவற்றில் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"குளிச்சியா?"

"குளிச்சேன்க்கா."

"இன்னொரு வாட்டி குளி."

"அக்கா, சளி புடிச்சுக்கும்."

"வீட்ல குளிக்கிற மாதிரி குளி. செவுரெல்லாம் சோப்பு நுரை இருக்கணும். போ."

ஐம்பது வயதுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் இங்கே மூன்று பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேடம்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் தலை சொட்டச் சொட்ட வெளியே வந்து, எங்கே நிற்பதென்று தெரியாமல் கம்பளத்திலேயே நின்றார்.

"சூப்பர்வைசரம்மா, நீங்க கெஸ்ட்டு. உக்காருங்க" என்றாள் நாத்தனார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபது வருஷத்தில் நாத்தனார் வேலை செய்ய அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. விரிப்பு காற்றில் ஒருமுறை உப்பி, நேராக இறங்கியது. இரண்டாவது தடவை இழுக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியை மேலிருந்து கீழே துடைத்தாள். மேஜைக்கடியில் கிடந்த ஒரு தலைமுடியை விரலில் சுற்றி எடுத்தாள். மேடம் எதையோ தட்டிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பித்தாள்.

குளியலறையில் சுவர், குழாய், கண்ணாடி எல்லாம் முடிந்தது. நாத்தனார் கம்புத் துடைப்பத்தை எடுக்கவில்லை. முகம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு காலை, பிறகு இன்னொரு காலை மடக்கி இறங்கினாள். இறங்கும்போது மூச்சை இழுத்தது நாற்காலி வரை கேட்டது. சந்துக்குள் கையை விட்டுத் தேய்த்தாள். அவசரப்படவில்லை. சுவரோரம் வரை தேய்த்தாள்.

அதன் பிறகு எழ முடியவில்லை.

தொட்டி விளிம்பைப் பிடித்தாள். வழுக்கியது. கதவு நிலையைப் பிடித்து ஒரு பாதம் ஊன்றினாள். முட்டி திரும்பவும் தரைக்கே போனது. கணவர் ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டார். அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

"கெஸ்ட் உக்காரணும்" என்றாள் நாத்தனார், தரையிலிருந்து.

அவள் உட்கார்ந்தாள்.

இன்னும் ஒருமுறை முயன்றாள் நாத்தனார். பிறகு அப்படியே இருந்தாள், வேலை நடுவில் கொஞ்சம் ஓய்வெடுக்கிறவள் போல. கடைசியில், "மேடம், ஒரு கை குடுங்க" என்றாள்.

மேடம் டேப்லெட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்த் தூக்கிவிட்டாள். நாத்தனார் நன்றி சொன்னாள். வாளி, துணி, துடைப்பம் எல்லாவற்றையும் வண்டியில் அதனதன் இடத்தில் வைத்தாள். வண்டியை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, உள்ளே திரும்பாமலே சொன்னாள்:

"இனிமே என் ரூம்ல நீ மண்டி போடக் கூடாது."

வண்டியின் சக்கரச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது. கணவர் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

மேடம் டேப்லெட்டை நீட்டினாள். "நீங்க போடறதுதான். நான் குறுக்கிட மாட்டேன்."

படுக்கை, தூசி, கண்ணாடி, பேச்சு எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டாள். கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. யார் உதவியும் இல்லாமல் வேலையை முடித்தாரா? அதற்கு எண் கிடையாது. ஆம், இல்லை, இரண்டே கட்டம். அவள் விரல் வெகுநேரம் மேலேயே நின்றது. ஆம் என்றால் நாளைக் காலை மறுபடி கதவைச் சாத்த வேண்டும், குழாயைத் திறக்க வேண்டும், வெளியே வந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் நாத்தனார் இனி "பின்ன?" என்று கேட்கமாட்டாள். இல்லை என்றால் நாத்தனாருக்கு வேலை போகும், வீட்டில் தினமும் அவள் தம்பி சோற்றுத் தட்டு முன்னால் உட்காருவதைப் பார்க்க வேண்டும்.

கணவரை ஒருமுறை பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

'இல்லை' என்ற கட்டத்தை அழுத்தினாள்.

மேடம் வாங்கிப் பார்த்தாள். தலையை அசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

மறுநாள் ஓட்டலின் பழைய பெயர் எழுத்துகளைக் கூரையிலிருந்து கிரேன் வைத்து இறக்கினார்கள். அவளுக்குப் புது உடுப்பு கொடுத்தார்கள். தோளில் கொஞ்சம் பிடித்தது. நாத்தனார் பார்த்துவந்த மூன்றாவது மாடிக்கு வேறொரு பெண்ணைப் போட்டாள். நாத்தனார் மதியத்துக்கு முன்னால் வந்து லாக்கர் சாவியைக் கொடுத்தாள், கையெழுத்துப் போட்டாள், சமையலறையில் தேநீர் குடித்தாள். மேடம் வாசல் வரை வந்து வழியனுப்பினாள். துணி மடிக்கிற பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது வருமா என்று நாத்தனார் கேட்டதற்கு, அது வெளியே ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது என்றாளாம். சாயங்காலம் இவள் வீட்டுக்கு வந்தபோது சமையல் முடிந்திருந்தது. கணவர் இரண்டு தடவை தும்மினார். நாத்தனார் அவர்கள் இருவருக்கும் பரிமாறிவிட்டு, தனக்குப் பிறகு பசிக்கும்போது போட்டுக்கொள்கிறேன் என்றாள். இவள் சாப்பிட்டு, பாத்திரங்களைத் தேய்த்து வைத்துவிட்டுப் படுத்தாள்.