வைக்கோல் இல்லாத குடில்

நத்தார், அதாவது கிறிஸ்மஸ், நெருங்கும் திருவருகைக் காலத்தின் முதற்கிழமை. பாலன் குடிலுக்குப் பாறை செய்யக் கடதாசி கசக்கிக்கொண்டிருந்தேன். பிரகாசம் அண்ணனின் மகள் எனக்குப் போன் எடுத்தாள். "மாமா, அப்பா போயிட்டார்" என்றாள். இத்தனை வருடங்களாக அந்தக் குடிலை நானும் அவரும் சேர்ந்துதான் கட்டிவந்தோம். கையிலிருந்த கடதாசியை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தேன்.

எங்கள் கோயில் பங்கில் அவரைத் தெரியாதவர் இல்லை. திருகோணமலையில் மீன் எடுத்துத் தோப்பூர்ச் சந்தையில் விற்பவர். நல்ல மனிதர், வாய்தான் பொல்லாதது. அவருக்குக் கோபம் வந்தால் துறைமுகத்துக் கப்பலும் ஒதுங்கிப்போகும் என்று பகிடி பண்ணுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சந்தையில் அவருக்குப் பக்கத்தில் மரக்கறி விற்பவர் இபுறாகீம் நானா. வயலும் உண்டு. நத்தாருக்கு எங்கள் குடிலுக்கு வைக்கோல் தருபவர் அவர்தான். சில வருடங்களுக்கு முன் ஒருநாள் அண்ணனின் போன் காணாமற்போனது. சனம் நிறைந்த நேரத்தில் நானாவைப் பார்த்துக் "கள்ளன்" என்று கத்திவிட்டார். சில நாள் கழித்து ஐஸ் பெட்டியைக் கழுவும்போது போன் அதன் அடியில் விறைத்துக் கிடந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, சந்தையில் வாயும் திறக்கவில்லை.

நத்தார் நெருங்கியது. பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவர் குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். "பாதர் மன்னிப்புத் தந்திட்டார். அதில எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சந்தையில நிண்ட சனம் ஒண்டும் அங்க இருக்கேல்லையே."

"நானாவுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"கத்திச் சொன்னதைக் காதுக்குள்ள திருத்த ஏலாது, தம்பி."

யாவாரம் படுத்துவிடும் என்று அவருடைய மனைவி பயந்தார். நானும் பயந்தேன். ஆனாலும் மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன். கிண்ணியாப் பாலத்தைக் கடந்து போனோம். சந்தையில் மீனை இறக்காமலே நடுவில் போய் நின்றார். "எல்லாரும் கேளுங்கோ. நான் இதே இடத்தில நிண்டு நானாவைக் கள்ளன் எண்டனான். போன் என்ர பெட்டிக்குள்ளதான் கிடந்தது. அது தெரிஞ்சும் பேசாமல் இருந்தனான். நானா, என்னை மன்னிக்கவேணும்."

யாரோ சிரித்தார்கள். நானா கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. "கேட்டனான்" என்றார். "மீனை இறக்குங்கோ, வெயில் ஏறுது." வைக்கோல் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த வருடம் எங்கள் பாலன் தொட்டியின் வெறும் பலகையில் கிடந்தார். வேறிடத்தில் வாங்கலாம் என்று பங்குச் சபையில் சொன்னபோது அண்ணன் மறித்துவிட்டார். "வாற பாலன் சோடனை பாக்க வரேல்லை" என்றார். ஏன் வைக்கோல் இல்லை என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அவரே தன் வாயால் காரணம் சொன்னார். சின்னப்பிள்ளைகள் கேட்டபோதும் சொன்னார். மனந்திரும்புதலைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதர் தன்னைக் குறைத்துக்கொண்டு அப்படி நின்றதை அந்த முறைதான் பார்த்தேன். எனக்கு அவரில் பெரிய மரியாதை வந்தது அப்போதுதான்.

அடுத்த நத்தாருக்குக் கோயில் வாசலில் ஒரு கட்டு வைக்கோல் இருந்தது. அதன்பின் ஒரு வருடமும் தவறவில்லை.

அடக்கம் முடிந்ததும் சேமக்காலை வாசலில் நானா என்னைப் பிடித்துக்கொண்டார். "குடில் இந்த முறையும் இருக்குதுதானே? வைக்கோல் கொண்டு வாறன்." கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால மன்னிப்புக் கேட்ட மனிசனுக்கு அந்த ஒரு வருசம் குடுக்காமல் விட்டிட்டன். அது மனசுக்குள்ள கிடக்குது" என்றார்.

"அவர் கட்டினதுகளில அந்த வருசத்துக் குடில்தான் அவருக்குப் பிடிச்சது, நானா" என்றேன். உண்மையாகவே அண்ணன் அப்படிச் சொல்லியிருக்கிறார். நானா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நேற்று வைக்கோல் வந்துவிட்டது. பிரகாசம் அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த வெறும் பலகையைத்தான். இம்முறை நான் தனியாகத் தொட்டியில் வைக்கோலை விரிப்பேன். பாலனின் தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் பலகை தெரிய விடுவேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். சொல்வேன்.