காப்பு கட்டியவன் ஆற்றைத் தாண்டிய நாள்

பர்மாவில் அரசாங்கமே சம்பளம் கொடுக்க முடியாமல் படுத்துவிட்ட அந்த வருடம், போலீஸுக்கு மட்டும் சம்பளம் நிற்காது என்று சட்டம் போட்டார்கள். டீக்கடை டிவியில் அதைக் கேட்டதும் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என் தம்பி ரயில்வேக்காரன். மற்றவர்களோடு சேர்ந்து வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டவன். அப்படி நின்றவர்களை வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். தேடுகிறவர்களுக்கும் சம்பளம் நின்றால் தானாக ஓய்ந்துவிடுவார்கள் என்றுதான் மனசைத் தேற்றி வைத்திருந்தேன். அதிலும் மண் விழுந்தது.

தம்பி ரங்கூனில், தாகேதா பகுதியில் என் வீட்டில்தான் பதுங்கியிருந்தான். ஆற்றைத் தாண்டி த்வாண்டேயில் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடு என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். பிடிவாதக்காரன், அசையவில்லை. தேடுதல் தொடங்கும் முன்பே அம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்பு கட்டியிருந்தான். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. "அம்மா பாத்துக்குவாக்கா" என்பான். ரங்கூனில் எத்தனை பேரைத்தான் அவள் பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஒருநாள் காலை வீட்டு வாசலில் என் கடையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கோயிலுக்கு வரும் தமிழ்ப் போலீஸ்காரர் தனியாக வந்து நின்றார். என்னைவிட இளையவர், தம்பியோடு காவடி எடுத்தவர்.

"தம்பி எங்கக்கா?"

"த்வாண்டே போயிட்டான்பா. போயி ஒரு வாரமாச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"காப்பு கட்டினவன் ஆத்தைத் தாண்டுவானாக்கா? கட்டும்போது நானும் பக்கத்துலதான நின்னேன்."

கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டேன்.

"எங்க ஸ்டேஷன் பெரியவரு கேட்டாரு, எங்க இருப்பான்னு. ஊரைத் தாண்ட மாட்டான்னு சொல்லிட்டேன். மத்தியானம் வருவாங்க." தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சம்பளம் நின்னிருந்தா நானும் வீட்டுல படுத்திருப்பேன்க்கா. நிக்கலையே."

செய்வதையும் செய்துவிட்டு வந்து நிற்கிறானே பாவி என்று வாய் வரை வந்தது. ஆனால் திட்டுவதற்கு நேரமில்லை. அவர் தலை மறைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே ஓடினேன். தம்பியின் கையைப் பிடித்திழுத்து, அரிவாள்மனையில் வைத்துக் கயிற்றை அறுத்தேன். திமிறினான்.

"அந்தப் பாவம் என் தலையில விடியட்டும். நீ போ."

அழுதுகொண்டே பின்வாசல் வழியாகப் போனான். போலீஸுக்குப் பயப்படுவதா, அம்மனுக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சொன்னபடி மத்தியானம் வந்தார்கள். அவரும் கூடவே வந்தார். கட்டிலுக்கு அடியில், பரணில், அரிசி டிரம்மில்கூடப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தெரியாத எண். அதிகாரி என்னைப் பார்த்து வாயைத் திறக்காதே என்று விரலைக் காட்டிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி போனை எடுத்தார்.

"அக்கா, ஆத்தைத் தாண்டிட்டேன்."

என் தம்பியின் குரல். வந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான். என்ன சொல்கிறான் என்று அதிகாரி அவரிடம் பர்மியத்தில் கேட்டார். நான் அவர் வாயையே பார்த்தேன்.

"அரிசிக் கடைக்காரன், மூட்டை அனுப்பட்டுமா என்று கேட்கிறான்" என்று பர்மியத்தில் சொன்னார். போனை வாங்கி, "இப்ப வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தமிழில் சொல்லி அணைத்தார். அவர் நெற்றி முழுக்க வேர்த்திருந்தது.

தம்பி தப்பித்தான். அந்தப் போலீஸ்காரர் அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் வருவதில்லை. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிக்கொள்கிறார். தம்பி எங்கே என்று தெரிந்த போலீஸ் அவர் ஒருவர்தான். அவர் பொய் சொன்னது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவருடைய தொப்பி தெருமுனையில் தெரிந்தாலே எனக்குப் பயம் வந்துவிடுகிறது. என்னைக் கண்டால் அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.